தம்பி வர மறுத்தால் முதலில் நீங்கள் போங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். என் தம்பிக்கு 23 வயது. செட்டியார் தெருவில் ஒரு நகைப் பட்டறையில் வேலை செய்தான், இப்போது வேலை இல்லை. முதலில் குடு (ஹெரோயின்), கடந்த ஒரு வருடமாக ஐஸும் (மெதம்பெட்டமின்) சேர்ந்துவிட்டது. அம்மாவின் சங்கிலி, என் தோடு, காஸ் சிலிண்டர் எல்லாம் போய்விட்டன. பாத்ரூம் பல்ப் அடிக்கடி காணாமல் போகும், ஏன் என்று எங்களுக்கு முதலில் விளங்கவே இல்லை. கேட்டால் நாளைக்கு விடுகிறேன் என்பான், இல்லாவிட்டால் கதவில் அடிப்பான். தெரிந்த ஒருவர் சொல்கிறார், கொழும்புக்கு வெளியே ஒரு நிலையம் இருக்கிறதாம், இரண்டு லட்சம் கட்டினால் அவர்களே இரவில் வேனில் வந்து பிடித்துக்கொண்டு போவார்களாம், ஆறு மாதத்துக்கு யாரும் பார்க்க முடியாதாம். மிச்சம் இருக்கிற வளையலை அடகு வைக்க அம்மா தயாராகிவிட்டார். மாமாவோ பொலிஸில் பிடித்துக் கொடு என்கிறார். என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, அந்த வளையலை இப்போதைக்கு அடகு வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உங்கள் கடிதத்தில் பல்ப் என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். ஐஸ் புகைக்க அந்தக் கண்ணாடி தேவைப்படுகிறது, அதனால்தான் காணாமல் போகிறது. எங்கள் வீட்டில் அண்ணா குடு புகைத்தார், அதற்கு எடுத்தது சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாள். என் அண்ணாவின் காற்சட்டையைத் துவைக்கப் போட்டபோது நடுவில் கறுப்புக் கோடு ஓடிய ஒரு தாள் விழுந்தது, அம்மா அதைச் சொக்லட் தாள் என்று நினைத்துக் குப்பையில் போட்டார். தொண்ணூறுகளில் நடந்த கதை இது. விஷயம் தெரிந்ததும் அப்பா அவரை அறைக்குள் போட்டுப் பூட்டினார். கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்செறிதல், வயிற்றோட்டம், இரவெல்லாம் கால் உதைத்துக்கொண்டு கிடந்தார். ஜன்னல் கம்பி வழியாக அம்மா பிளேன்டீ கொடுப்பார். ஆறாம் நாள் எழும்பிக் குளித்து, இடியப்பமும் சொதியும் வாங்கிச் சாப்பிட்டார், அம்மா கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றப் போனார். இரண்டாவது கிழமை தலைமுடி வெட்டப் போன அண்ணா இரவு பத்து மணிக்குத் திரும்பி வந்தபோது கண்மணி ஊசிமுனை மாதிரிச் சிறுத்திருந்தது, மறுபடியும் குடு எடுத்திருந்தார்.

நாங்கள் அந்த ஆறு நாளைத்தான் வைத்தியம் என்று நினைத்தோம். ஹெரோயினை நிறுத்தினால் உடம்பு படும் பாடு அரை நாளுக்குள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு கிழமையில் தணிந்துவிடும். அந்தக் கிழமையை மருந்து கொடுத்து இலகுவாக்க வைத்தியர்களால் முடியும், வீட்டில் பூட்டி வைத்து வதைக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வருகிற மாதங்கள்தான் நீளமானவை: காலையில் எழும்பி எங்கே போவது, யாரோடு கதைப்பது, கையில் ஆயிரம் ரூபா கிடைத்தால் அதை என்ன செய்வது, குடு வாங்கிய அந்தத் தெருமுனையைத் தாண்டும்போது நிற்காமல் எப்படி நடப்பது என்று ஒவ்வொன்றாகப் பழக வேண்டும். நிலையம் தேடும்போது நீங்கள் கேட்க வேண்டியது இந்த மாதங்களைப் பற்றித்தான்.

சரி, எங்கே தொடங்குவது? தம்பி வர மறுத்தால் நீங்கள் போங்கள். இதைத்தான் நான் எல்லாக் குடும்பத்துக்கும் முதலில் சொல்வேன், பலர் நம்பமாட்டார்கள், வருத்தக்காரன் இல்லாமல் நாங்கள் போய் என்ன செய்ய என்று கேட்பார்கள். ராஜகிரியவில் கோட்டை வீதியில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை இருக்கிறது, 1984இல் சட்டம் போட்டு அமைத்த அரச நிறுவனம், அவர்களுடைய ஆலோசனை இலக்கம் 1927. தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி என்று தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்களும் அவர்களிடம் உண்டு. தங்காமல் வந்து போகிற மாதிரி வேண்டுமென்றால் கொழும்பு 7 ஹோட்டன் பிளேஸில் சுமித்ரயோ அமைப்பின் ‘மெல் மெதுர’ ஆலோசனை நிலையம் இருக்கிறது, காசு வாங்குவதில்லை, வெளியே சொல்லமாட்டார்கள், குடும்பத்தவர்களோடும் இருந்து கதைப்பார்கள். கோல் எடுக்கும்போதே தமிழில் கதைக்க ஒருவர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம், உடைந்த சிங்களத்தில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? இன்றைக்கு இல்லை என்றால் எந்த நாள் இருப்பார் என்று கேட்டு அந்த நாளுக்குப் போங்கள்.

நீங்கள் போவதால் இரண்டு நன்மை. ஒன்று, வீட்டில் எதைச் செய்ய வேண்டும் எதைச் செய்யக்கூடாது என்று உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். மற்றது, தம்பி “நாளைக்கு விடுகிறேன்” என்கிறானே, அந்தச் சொல்லில் பொய்யும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. உடம்பு முறிந்து, காசில்லாமல், யாரோ அடித்து அனுப்பி, விடியற்காலை வாசலில் உட்கார்ந்து அழுகிற ஒரு நாள் வரும், அன்றைக்கு அவன் சொல்வது நிஜம். ஆனால் அது சில மணித்தியாலம்தான் நிற்கும். அந்த நேரத்தில் நீங்கள் நிலையம் தேடத் தொடங்கினால் பிந்திவிடும். யாரிடம் போவது என்பது முன்பே தெரிந்து, அடையாள அட்டையும் இரண்டு சாரமும் பையில் இருந்து, திரீவீலரைக் கூப்பிட்டால் போதும் என்ற நிலையில் நீங்கள் இருக்க வேண்டும்.

ஐஸ் விஷயம் கொஞ்சம் வேறு. தூக்கம் இல்லாமல் இரண்டு மூன்று நாள் நின்று, பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கமராவில் பார்க்கிறார், யாரோ காதுக்குள் பேசுகிறார் என்று சொல்லத் தொடங்கினால் அது நிலையத்துக்குப் போகிற நேரம் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம். தேசிய வைத்தியசாலைக்கோ அங்கொடை மனநல நிறுவனத்துக்கோ கொண்டு போங்கள். 1926 என்ற இலக்கத்தில் அங்கொடைக்காரர்களோடு எந்த நேரமும் கதைக்கலாம். அந்த நேரத்தில் அவனோடு வாதாட வேண்டாம், கத்தி கத்தரிக்கோலை எடுத்து ஒளித்து வையுங்கள், அம்மாவைத் தனியாக விடாதீர்கள்.

இனி அந்த வேன். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது, போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் என்றே கொண்டு வந்தது. அதன்படி தனியார் நிலையம் நடத்துகிறவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒருவரைக் கட்டாயமாக அனுப்புவதென்றால் வைத்திய அறிக்கை வேண்டும், நீதவானின் கட்டளை வேண்டும். இரவில் வந்து வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போவதற்கு இரண்டு லட்சம் வாங்கியவருக்கு எந்த உரிமையும் கிடையாது. அந்த நிலையத்தின் பெயரை 1927க்குச் சொல்லிக் கேளுங்கள். பிறகு நீங்களும் மாமாவும் சொல்லாமல் ஒரு பகலில் நேரில் போங்கள். வைத்தியர் எந்த நாட்களில் வருவார், பெயர் என்ன, காய்ச்சல் வந்தால் எங்கே கொண்டு போவீர்கள், அடிப்பதுண்டா, கட்டி வைப்பதுண்டா, வெளியே வந்த பிறகு யார் பார்ப்பார் என்று முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். ஆறு மாதம் முகத்தைக் காட்டமாட்டோம் என்கிற இடத்தில் நான் என் வீட்டுப் பிள்ளையை விடமாட்டேன். தொடக்கத்தில் சில நாள் பார்வையாளர் வேண்டாம் என்று நல்ல இடங்களிலும் சொல்வார்கள், அது வேறு.

மாமாவின் யோசனையும் வேண்டாம். கொஞ்சம் பயம் காட்டி விட்டுவிடுவார்கள் என்று நினைத்துத்தான் சனம் பொலிஸுக்குப் போகிறது. பிடிபடும்போது அவன் பையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, கூட்டாளி வைத்துக்கொள் என்று கொடுத்ததும் இருக்கலாம். இந்த நாட்டில் 2 கிராம் ஹெரோயினோ, 2022இல் சட்டத்தைத் திருத்திய பிறகு 5 கிராம் ஐஸோ கையில் இருந்தால் எழுத்தில் இருக்கும் தண்டனை மரணம் அல்லது ஆயுட்சிறை. நீதிமன்றம் புனர்வாழ்வுக்கு அனுப்புகிற கந்தக்காட்டில் 2022 ஜூனில் ஒருவர் இறந்து, நூற்றுக்கணக்கானவர்கள் வெளியே ஓடிய செய்தி உங்களுக்கும் நினைவிருக்கும். ஆனால் அம்மாவின் மேலோ உங்கள் மேலோ கை வைத்தால் பொலிஸைக் கூப்பிடத்தான் வேண்டும், அதில் தம்பி என்று பார்க்க வேண்டாம்.

ஒன்றைத் தயவுசெய்து மறக்காதீர்கள். சிகிச்சை முடிந்து வந்தவன் வழுக்கி விழுந்து பழைய அளவையே எடுத்தால் அந்த உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடும். நிறுத்திய பிறகு வருகிற நாட்கள்தான் உயிருக்கு மிக ஆபத்தானவை. தட்டினாலும் எழும்பாமல், உதடு நீலமாகி, குறட்டை மாதிரி இழுத்து மூச்சு விட்டால் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஊர் என்ன சொல்லும் என்று அந்த நேரத்தில் பார்க்காதீர்கள். இன்னொரு தடவை விழுந்தால் எல்லாம் வீணாகிவிட்டது என்றும் நினைக்காதீர்கள். என் அண்ணா நான்காம் தடவைதான் விட்டார். இப்போது மட்டக்குளியில் மகளுக்கு டியூஷன் முடியும் வரை வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போகிறார்.

தம்பி சிகிச்சைக்குப் போகும் வரைக்கும் அவன் கையில் காசு கொடுக்க வேண்டாம். சாப்பாடு கொடுங்கள், பஸ்ஸுக்கு என்றால் கூடப் போங்கள், அவன் கடனை நீங்கள் அடைக்காதீர்கள். சோறு போடும்போது திட்டாமல் போடுங்கள்.

கேள்வி: கணவர் தினமும் அரைப் போத்தல் குடிப்பார். கறியில் கலந்து கொடுத்தால் குடியை வெறுக்க வைக்கிற குளிசை ஒன்றைத் தெரிந்தவர் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அவருக்குத் தெரியாமல் கொடுக்கலாமா? (கிராண்ட்பாஸ் வாசகி)

பதில்: கூடாது, அம்மா. அநேகமாக அது டைசல்ஃபிராமாக இருக்கும். அதைப் போட்டிருக்கும்போது சாராயம் உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்துவிடும், இதய வருத்தம் உள்ளவர் இறந்தும் போகலாம். குடிக்கிறவர் தெரிந்து, தானே சம்மதித்து, வைத்தியர் பரிசோதித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. கறிச்சட்டியில் போடுகிற சாமான் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை நாளாகத் தினமும் குடிக்கிறவரை ஒரேயடியாக நிறுத்து என்று சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்காதீர்கள். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கடுத்த நாட்களில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத பூச்சியைச் சுவரில் பார்த்துப் பிதற்றலாம். குடு நிறுத்தினால் படுகிற பாட்டைவிடக் குடியைத் திடீரென்று நிறுத்துவதுதான் உயிருக்கு ஆபத்து, இது பலருக்குத் தெரியாது. பக்கத்து அரச வைத்தியசாலையின் மனநல கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், எவ்வளவு குடிக்கிறார் என்று குறைக்காமல் சொல்லுங்கள், மருந்தோடு நிறுத்தலாம். மனநலம் என்ற பெயரைக் கேட்டு அவர் கோபித்தால், ஈரல் பார்க்கப் போவோம் என்று பொது வைத்தியரிடம் தொடங்குங்கள், ஈரலையும் பார்க்கத்தானே வேண்டும்.

கேள்வி: மகன் நிலையத்திலிருந்து வந்து மூன்று மாதம். நல்ல பிள்ளையாக இருக்கிறான். ஒரு கலியாணத்தைக் கட்டி வைத்தால் பொறுப்பு வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெண் வீட்டாருக்குப் பழையதைச் சொல்ல வேண்டுமா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: மூன்று மாதம் மிகக் குறைவு, அக்கா. அவர் இப்போதுதான் ஒரு நாளை முழுதாகக் கழிக்கப் பழகுகிறார், அதற்குள் வீட்டு வாடகை, மாமனார் வீடு, பிள்ளை என்று ஏற்றினால் அந்தப் பாரமே அவரைத் தள்ளிவிடும். தள்ளினால் விழப்போவது அவர் மட்டும் இல்லை, எங்கிருந்தோ நம்பி வருகிற ஒரு பெண்ணும்தான். கலியாணத்தை வைத்தியமாகப் பார்க்கிற பழக்கம் நம் சனத்திடம் எத்தனை பெண்களின் வாழ்க்கையை எடுத்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மனம் கொதிக்கிறது.

ஒரு வருடமாவது போகட்டும். வேலை ஒன்றில் நிற்கட்டும், ஆலோசகரிடம் போவதை விடாமல் இருக்கட்டும். பிறகு பேசுவதானால் பெண்ணிடமே சொல்லுங்கள், அவளுடைய அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டு முடிக்காதீர்கள். சொல்வது உங்கள் மகனாகவே இருந்தால் இன்னும் நல்லது. எப்படிச் சொல்வது என்று இருவரும் ஆலோசகரிடமே கேளுங்கள், அடுத்த தடவை அவர் போகும்போது நீங்களும் கூடப் போங்கள்.