கேளுங்கள், சொல்கிறோம்: எந்தத் தேதி சரி?

கே: பள்ளி அறிவிப்புப் பலகையில், '4.7.1776: அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் தலைவர்கள் கையெழுத்திட்ட நாள்' என்று எழுதினேன். தப்பு என்கிறார் சக ஆசிரியர். – ஆசிரியை, பாளையங்கோட்டை

ப: அவர் பக்கம்தான் நியாயம். பிரிட்டனை விட்டுப் பிரிவதென்று பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸ் (காலனிகளின் பிரதிநிதிகள் அவை) வாக்களித்தது ஜூலை 2. ஜெஃபர்சன் எழுதிய வாசகத்தைத் திருத்தி ஏற்றது ஜூலை 4. தோல் ஏட்டில் படியெடுத்து, பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. மொத்தம் 56 பேர். சிலர் அதற்கும் பிறகுதான் போட்டார்கள். ஏட்டின் தலைப்பில் ஜூலை 4 என்றே இருப்பதால் வரும் குழப்பம் இது. 'தலைவர்கள் கையெழுத்திட்ட நாள்' என்பதை அழித்து, 'காங்கிரஸ் ஏற்ற நாள்' என்று எழுதினால் போதும். பலகையில் இடமிருந்தால் இன்னொரு வரி: ஜெஃபர்சன், அவரோடு கையெழுத்திட்ட ஜான் ஆடம்ஸ் இருவருமே இறந்தது 50-ம் ஆண்டு நிறைவன்று, 1826 ஜூலை 4-ல்.

கே: அமெரிக்கச் சண்டையால் நம் கரிசல் காட்டில் பணம் புரண்டதாக ஆச்சி சொல்லுவாள். எந்தச் சண்டை? – வாசகர், கோவில்பட்டி

ப: அமெரிக்க வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போர். 1861 ஏப்ரல் 12-ல் சம்டர் கோட்டையில் தொடங்கியது. ஏப்ரல் 19-ல் தென் மாநிலத் துறைமுகங்களை மறிக்க லிங்கன் உத்தரவிட்டார். இங்கிலாந்தின் லங்காஷயர் நூலாலைகளுக்கு முக்கால்வாசிப் பஞ்சு அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. வரத்து நிற்கவும், லிவர்பூல் தரகர்கள் இந்தியப் பஞ்சுக்கு அலைந்தார்கள். விலை பல மடங்கு ஏறியது. 'டின்னவெல்லி' (திருநெல்வேலி) என்று நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு ரகம் அங்கே விலைபோனது.

ஆனால் விரும்பி வாங்கவில்லை. இந்தியப் பருத்திக்கு இழை குட்டை. அமெரிக்கப் பஞ்சுக்கென அமைத்த எந்திரத்தில் ஏற்றினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். போதாததற்குப் பொதிகளில் தூசியும் குப்பையும். தூத்துக்குடிக்கு ரயில் வந்ததே 1876-ல்தான். போர்க்காலப் பொதியெல்லாம் மாட்டுவண்டியில்தான் துறைமுகம் போனது. 1865 ஏப்ரல் 9-ல் தென்படைத் தளபதி லீ சரணடைந்தார். 14-ம் தேதி இரவு சுடப்பட்ட லிங்கன் மறுநாள் காலை இறந்தார். அமெரிக்கப் பஞ்சு மறுபடி கப்பலேறியது, இங்கே விலை சரிந்தது. ஆச்சி சொன்னதைக் குறித்து வைப்பதானால் 1861–65 என்று போடுங்கள். அவளும் தன் பாட்டி சொல்லித்தான் கேட்டிருப்பாள்.

கே: பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டியது நம் நாட்டுத் தேயிலையா? – வாசகர், அம்பாசமுத்திரம்

ப: இல்லை. 1773 டிசம்பர் 16 இரவு கடலில் கொட்டிய 342 பெட்டியும் கிழக்கிந்தியக் கம்பெனி சீனாவில் வாங்கிய சரக்கு. அப்போது அசாமிலேயே தோட்டம் கிடையாது. மாஞ்சோலைக்கு எங்கே போக!

கே: வாஷிங்டன் பிறந்தது பிப்ரவரி 11 என்கிறது ஒரு நூல், 22 என்கிறது இன்னொன்று. – வாசகர், தென்காசி

ப: இரண்டும் சரி. முன்னது ஜூலியன் என்ற பழைய நாட்காட்டிக் கணக்கு, பின்னது இன்று நாம் பின்பற்றும் கிரிகோரியன். இங்கிலாந்தும் அதன் காலனிகளும் 1752-ல் கணக்கு மாறின. அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14. அவர் காலத்துத் தேதியை மாற்ற 11 நாள் கூட்ட வேண்டும் (17-ம் நூற்றாண்டுத் தேதி என்றால் 10). அதோடு, பழைய கணக்கில் ஆண்டு பிறப்பது மார்ச் 25-ல். ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளுக்கு ஆண்டிலும் ஒன்று கூட்டுங்கள். 1731 என்பது 1732 ஆகும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அவர் பெயரிலான விடுமுறை இப்போது பிப்ரவரி மூன்றாம் திங்கள். அது 15-க்கும் 21-க்கும் இடையில்தான் விழும், 22-ல் ஒருநாளும் வராது! கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே 1799-ல்தான், இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 14-ல் வாஷிங்டனும் இறந்தார்.

கே: நிலவில் ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது ஜூலை 21 என்று எழுதி, வினாடி வினாவில் மதிப்பெண் போனது. – மாணவர், நாங்குநேரி

ப: அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி 1969 ஜூலை 20, இரவு 10.56. அங்கே கோடை என்பதால் ஒன்பதரை மணி நேரம் கூட்டுங்கள் (குளிர்காலமானால் பத்தரை): நமக்கு ஜூலை 21 காலை 8.26. கலம் தரையிறங்கியதே நம் கடிகாரத்தில் 21 அதிகாலை 1.47. எந்த நாட்டு நேரம் என்று சொல்லாமல் கேட்ட நடுவர், இரண்டு விடைக்கும் மதிப்பெண் போட்டிருக்க வேண்டும்.