குளத்துக்கு நடுவே திட்டுப் போட்டால் பறவை வருமா?

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்துக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நல்லூரிலிருந்து கொஞ்சத் தூரம்தான். ஏறத்தாழ 12 பரப்பு, அதாவது முக்கால் ஏக்கர். வருகிற கோடையில் அதைத் தூர்வார, வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் காசு அனுப்புகிறார்கள். அள்ளுகிற மண்ணை நடுக்குளத்திலேயே குவித்து, மரம் வைத்து, பறவைகளுக்குச் சின்னத் தீவு போல விட்டுவிடலாம் என்று நினைக்கிறோம். உண்மையில் பறவை வருமா? எவ்வளவு பெரிதாகப் போடுவது, என்ன மரம் வைப்பது? ஒரு பாலமும் உட்கார இரண்டு வாங்கும் போட்டால் பிள்ளைகள் போய்ப் பார்ப்பார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். கபரக்கொய்யா (நீரில் வாழும் பெரிய உடும்பு) எல்லா முட்டையையும் தின்றுவிடும், வீண்வேலை என்கிறார்கள் வேறு சிலர்.

பதில்: வரும். ஆனால் மண் குவித்த உடனே வராது. எவ்வளவு மண், என்ன மரம் என்பதற்கு முன்னால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது: உங்கள் குளத்தில் சித்திரை முடியும்வரை தண்ணீர் நிற்கிறதா?

ஏன் சித்திரை என்று சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு ஆண்டில் கிடைக்கிற மழை சுமார் 1,250 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் அந்த மழையை நம்பித்தான் குடும்பம் நடத்துகின்றன. குளம் நிரம்பி மீன் பெருகிய பிறகு, மார்கழி, தையில் கூடு கட்டத் தொடங்கும். சின்னக் கொக்கு மூன்று, மூன்றரைக் கிழமை அடைகாக்கும். குஞ்சு சிறகடித்துப் பறக்க மேலும் ஆறு கிழமை வேண்டும். மஞ்சள்மூக்கு நாரைக்கு இரண்டும் சேர்ந்து மூன்று மாதம். எல்லாச் சோடியும் ஒரே நாளில் தொடங்குவதும் இல்லை. பிந்தி வந்தவை மாசியில்தான் குச்சி பொறுக்கும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் திட்டைச் சுற்றி நாலு மாதமாவது தண்ணீர் வேண்டும்.

பங்குனியில் குளம் வற்றி, திட்டுக்கும் கரைக்கும் நடுவே சேறு காய்ந்துவிட்டால் தெருநாய் நடந்தே போய்விடும். கூட்டிலிருந்து தவறி விழுகிற குஞ்சும், தரையில் முட்டையிட்ட பறவையும் அன்றோடு சரி. அப்படி ஒருமுறை அழிவு கண்ட இடத்துக்குப் பறவைகள் மறுவருடம் திரும்பத் தயங்கும். கொழும்பு பேர வாவியின் சின்னத் தீவுகளில், அவ்வளவு வாகனச் சத்தத்துக்கு நடுவிலும், கூழைக்கடாவும் நீர்க்காகமும் வந்து தங்குகின்றன. சத்தம் பழகிவிடும். அங்கே வருடம் முழுக்க நாலு பக்கமும் தண்ணீர் நிற்கிறது, அதுதான் காரணம். நமது குளங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் நாம் கணக்குப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

கணக்குக் கடினமானது இல்லை. தை மாதம் மழை விட்டதும் குளத்தில் ஒரு கம்பு நட்டு, சென்ரிமீற்றர் அடையாளம் போட்டு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் திறந்த நீர்ப்பரப்பு ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீற்றர் ஆவியாகும். கிழமைக்கு 4 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். அதற்கு மேலே குறைவது நிலத்துக்குள் இறங்குகிறது, அல்லது யாரோ பம்ப் வைத்து இறைக்கிறார்கள். தையிலிருந்து சித்திரை முடியும்வரை வெயில் மட்டுமே அரை மீற்றருக்கு மேல் குடித்துவிடும். ஆகவே மழை முடிகிற நேரத்தில் திட்டைச் சுற்றி ஒன்றரை மீற்றர் ஆழமாவது இருக்க வேண்டும். இரண்டு மீற்றர் என்றால் நிம்மதி.

இங்கேதான் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வைத்து வேலை செய்கிறவர்கள் அவசரப்படுகிறார்கள். நமது குளங்களுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்துமாக. அதற்கு மேலே காலங்காலமாகப் படிந்த களிப்படைதான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. ஆழம் வேண்டும் என்று அதையும் சுரண்டி எடுத்துவிட்டால், மாரியில் தளும்பி நின்ற குளம் தையிலேயே வெறுமையாகிவிடும். பிறகு எந்தத் திட்டும் பயன்படாது. குளம் காய்ந்திருக்கும்போது, ஐந்தாறு இடத்தில் அலவாங்கால் குத்திப் பாருங்கள். மேலே கறுப்பாக, மெதுவாக, இலைக்குப்பை கலந்து வருவது வண்டல், அதை எடுக்கலாம். அதற்குக் கீழே அலவாங்கு நுனியில் ஒட்டிக்கொண்டு, விரலால் உருட்டினால் திரியாக நீளுகிற களி வந்தால் அங்கே நிறுத்துங்கள். களிப்படை மெல்லியதாக இருக்கிற இடத்தை அடையாளம் போட்டு விட்டுவிடுங்கள். குளம் முழுவதையும் ஒரே ஆழத்துக்கு வாரத் தேவையில்லை.

பெக்கோ இறங்குவதற்கு முன்னால் இன்னொன்று. கோடையில் ஆமைகள் காய்ந்த சேற்றுக்குள் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். ஊர்ப் பெடியன்களை விட்டு, சேற்றின் மேல்பரப்பை மண்வெட்டியால் மெதுவாகக் கிளறிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்டெடுப்பவற்றை நிழலான ஈரச் சேற்றில், வேலை நடக்காத ஓரத்தில் வையுங்கள். தூர்வாருகிற இடத்தில் ஓடு நொறுங்கிய ஆமையைப் பார்ப்பது பெரிய வேதனை. இது காசு செலவில்லாமல் தவிர்க்கக்கூடியது.

சரி, திட்டுக்கு வருவோம். வெளியிலிருந்து மண் ஏற்றிவந்து கொட்டினால் குளம் சுருங்கும், வெள்ளத்துக்கும் இடம் குறையும். திட்டைச் சுற்றி அகழி போல வளையமாகத் தோண்டி, அந்த மண்ணாலேயே எழுப்பினால் கொள்ளளவு குறையாது. நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிற மண்ணின் அளவுக்குக் கூடத்தான் செய்யும். 12 பரப்புக் குளத்துக்கு அரைப் பரப்புத் திட்டுப் போதும். ஏறக்குறைய 12 மீற்றர் குறுக்களவு வரும். நடுவில் அமைந்தால் எந்தக் கரையிலிருந்தும் 20 மீற்றருக்கு மேல் தூரம் கிடைக்கும். அந்தத் தூரம் இருந்தால் கரையில் ஆள் நடமாடினாலும், பழகிய பறவை பெரும்பாலும் எழும்பிப் போகாது. இதைவிடப் பெரிதாக்கினால் கரை கிட்ட வந்துவிடும்.

திட்டின் உச்சி, குளம் வான் பாயும் (நிரம்பி வழியும்) மட்டத்துக்கு மேலே அரை மீற்றர் நிற்கட்டும். ஒரு பக்கச் சரிவை மிகவும் தட்டையாக, ஒரு மீற்றர் இறங்க ஐந்தாறு மீற்றர் நீளுகிற மாதிரி விடுங்கள். நீர்மட்டம் இறங்க இறங்க அங்கே புதிதுபுதிதாக ஈரச்சேறு வெளிப்படும். உள்ளானும் பவளக்காலியும் மேய வரும், ஆமை ஏறி வெயில் காயும். சோளகக் காற்றில் அலை அடிக்கிற தென்மேற்குப் பக்கம்தான் கரையும். அங்கே விழுந்த பனையின் குற்றிகளை அடுக்கி, இடையில் சுண்ணாம்புக்கல் செருகி, ஓரத்தில் கோரையும் வெட்டிவேரும் நடுங்கள். சீமெந்துக் கட்டு வேண்டவே வேண்டாம். செங்குத்தான சுவரில் ஒரு தாழைக்கோழிக் குஞ்சால்கூட ஏற முடியாது. முதல் மாரியில் மண் எப்படியும் அமிழும், ஒரு முழம்கூட இறங்கலாம். அதனால் மரத்தை அந்த மாரி கழிந்த பிறகு வையுங்கள்.

மரம் என்று வந்தால் மருது, பூவரசு, புங்கு. மூன்றும் கால் நனைந்து நிற்கத் தாங்கும், மூன்றும் நம் மண்ணில் வளரும். ஓரத்தில் ஒரு தாழம்புதர். இப்பில் இப்பில் கெதியாக வளரும் என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். விதை கொட்டித் திட்டு முழுவதையும் பிடித்துவிடும். உங்கள் குளத்துக்கு மூன்று மரமே போதும் என்பேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். திட்டில் பாதியாவது மரமில்லாத வெறுந்தரையாக, சின்னக் கல் பரவி இருக்கட்டும்.

அந்த வெறுந்தரைக்குத்தான் உங்கள் முதல் குடித்தனக்காரர் வரக்கூடும்: ஆள்காட்டி. கூடு என்று ஒன்றும் கட்டாது. கல்லுக்குள் ஒரு சின்னக் குழி, அதில் கல்லின் நிறத்திலேயே நாலு முட்டை. மிதிக்கிற தூரத்துக்கு வந்தாலும் கண்ணில் படாது. பங்குனி வெயிலில் தாய்ப்பறவை தண்ணீரில் இறங்கி, வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைமேல் உட்காரும், முட்டை வெந்து போகாமல். முக்குளிப்பானும் சீக்கிரம் வரும். அது கோரை ஓரத்தில் பாசியையும் தண்டையும் கூட்டி மிதக்கிற கூடு போடும். யாராவது கிட்டப் போனால், நழுவித் தண்ணீருக்குள் போவதற்கு முன்னால் நாலு கொத்தில் பாசியை இழுத்து முட்டையை மூடிவிடும். பார்க்கிறவருக்கு அது வெறும் குப்பைக் குவியல். தொலைநோக்கி ஒன்று இருந்தால் இதைக் கரையிலிருந்தே பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

கொக்குக் கூட்டம் கூடு கட்ட வருடங்கள் ஆகும். முதலில் இராத்தங்கும், அப்புறம்தான் நம்பிக் குச்சி வைக்கும். மரம் வளரும்வரை, பட்ட மரக்கிளைகள் நாலைந்தை ஆழமாக நட்டுவிடுங்கள். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்க அந்த வருடமே வந்து உட்காரும்.

ஒருவேளை உங்கள் கம்புக் கணக்கில் குளம் மாசியிலேயே வற்றுகிறது என்று தெரிந்தால், திட்டை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டு வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டுவது ஏரிக்குள்ளேயே நிற்கிற நீர்க்கடம்ப மரங்களில். ஏரி நிரம்பினால் ஒவ்வொரு மரமும் தனித் தீவு. அதுபோலக் குளத்தின் ஆழமான பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு நாலு சின்ன மேடு போட்டு, மேட்டுக்கு ஒரு மருது வையுங்கள். செலவும் குறைவு, களிப்படைக்கும் ஆபத்தில்லை.

கபரக்கொய்யாவைப் பற்றிச் சொன்னவர்கள் சொன்னது பாதி சரி. அது நன்றாக நீந்தும், எந்த அகழியும் அதைத் தடுக்காது. மரத்தின் அடியிலிருந்து ஆள் உயரத்தில் ஒரு மீற்றர் அகலத் தகரத்தைச் சுற்றிக் கட்டினால் மரக்கூடுகள் பெரும்பாலும் தப்பும். மரம் பருக்கப் பருக்கத் தகரத்தைத் தளர்த்திக் கட்ட மறக்க வேண்டாம். தரைக்கூடு கொஞ்சம் போகும்தான். ஆள்காட்டி மறுபடி முட்டையிடும். அவை இரண்டும் நமக்கு முன்பிருந்தே ஒரே குளத்தில் வாழ்கின்றன. கபரக்கொய்யாவை அடிக்க யாரையும் விடாதீர்கள், அதுவும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர். நான் உண்மையில் அஞ்சுவது காகத்துக்குத்தான். கரையில் சாப்பாட்டுப் பார்சல் மிச்சத்தை எறிந்தால் காகம் கூடும், கூடிய காகம் முட்டையைத் தேடும். குப்பையை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது.

பாலம் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாலம் போட்ட அன்றைக்கு அது திட்டு இல்லை. நாயும் பூனையும் கீரியும் இரவில் அதே பாலத்தால் போகும். அந்தக் காசில் கரையில் இரண்டு வாங்கு போடுங்கள்: கிழக்குக் கரையில் ஒன்று, காலையில் வெயில் முதுகுப் பக்கம் விழும், மேற்குக் கரையில் ஒன்று, மாலைக்கு. திட்டுக்கு மின்விளக்கும் வேண்டாம்.

மூன்று மரம் என்று சொன்னதற்குக் காரணம் எச்சம். பெரிய கூட்டம் வந்து தங்கினால் சின்னக் குளத்தில் எச்சம் சேர்ந்து, தண்ணீர் பச்சையாகி, கோடை முடிவில் மணக்கும். நம் கிணறுகளுக்கு ஊறுவது இந்தக் குளத்துத் தண்ணீர்தான். தோட்ட உரத்தாலும் மலக்குழிகளாலும் நிலத்தடி நீரில் ஏற்கனவே நைத்திரேற்று கூடிய ஊர் இது. கரையோரத்தில் குடிதண்ணீர்க் கிணறு இருந்தால், வருடத்துக்கு ஒருமுறை தண்ணீரைச் சோதிப்பித்துக்கொள்ளுங்கள். டெங்கு வரும் என்று யாராவது பயந்தால், மீன் உள்ள குளத்தில் அந்த நுளம்பு பெருகாது, கரையில் எறிந்த யோகட் கப்பில்தான் பெருகும் என்று சொல்லுங்கள்.

கடைசியாக அனுமதி. குளம் யாருடையது என்று முதலில் உறுதிப்படுத்துங்கள்: மாநகர சபையா, பிரதேச சபையா, கோவிலா. விவசாயத்துக்குப் பயன்படுகிற சிறுகுளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருகிறது. மிஞ்சிய வண்டலை லொறியில் வெளியே ஏற்றத் தனி அனுமதி வேண்டும், பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் அந்த வண்டலை விரும்பி எடுப்பார்கள். முன்பு அப்படித்தான் குளங்கள் தூர்வாரப்பட்டன. அருகில் கோவில் இருந்தால் அதன் நிர்வாகத்தோடு இப்போதே பேசுங்கள். நல்லூர்த் திருவிழா ஆவணியில், அப்போது கூடுகள் இருக்காது. தைப்பொங்கல், தைப்பூசம், சிவராத்திரி மூன்றும் முட்டையும் குஞ்சுமாக இருக்கிற காலத்தில் வருகின்றன. அந்த நாட்களில் குளக்கரையில் மட்டும் வெடி கொளுத்தாமல் இருக்க ஒப்புக்கொண்டால் போதும்.