பிஎச் தாளுக்குச் சிக்காத தண்ணீர்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் ரப்பர் இருக்கிறது. பால் உறைய வைக்க ஃபார்மிக் அசிட் வாங்குவோம். போன மாதம் வேறொரு கடையில் லிட்டருக்கு இரண்டு வெள்ளி மலிவாகக் கிடைத்தது. இரண்டு போத்தலிலும் 85 விழுக்காடு என்றுதான் போட்டிருக்கிறது. ஆனால் புதியதை இரண்டு மடங்கு ஊற்றினால்தான் பால் கட்டுகிறது. மகள் இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கலந்து, பள்ளிக்கூடத்து பிஎச் தாளை நனைத்துப் பார்த்தாள். ஒரே நிறம்! ஏமாந்தோமா, இல்லையா?

பதில்: ஏமாந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மகள் செய்ததில் தவறில்லை. அந்தத் தாளுக்கு இது பிடிபடாது.

பிஎச் என்பது கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். அது பத்துப் பத்து மடங்காக நகரும் கணக்கு. ஹைட்ரோகுளோரிக் போன்ற வலுவான அமிலத்தைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தால் பிஎச் 1 ஏறும். ஃபார்மிக் வலுக்குறைந்த அமிலம், அரைதான் ஏறும். லிட்டருக்கு 4.6 கிராம் இருந்தால் பிஎச் சுமார் 2.4, வெறும் 0.46 கிராம் இருந்தாலும் 2.9தான். மூலக்கூறு பிரிந்து வெளிவரும் ஹைட்ரஜன் அயனிதான் தாளுக்குத் தெரியும்; முதல் கரைசலில் நூறு மூலக்கூறுக்கு நாலு மட்டுமே அப்படிப் பிரிந்திருக்கும். தண்ணீர் கூடக் கூடப் பிரிகிற பங்கும் கூடுவதால் பிஎச் மெதுவாகத்தான் ஏறும். பாதிக்குப் பாதி தண்ணீர் என்றால் வித்தியாசம் 0.15. ஒவ்வொரு எண்ணாகத் தாவும் தாளில் அது எங்கே தெரியப் போகிறது?

பாலை ஏமாற்ற முடியாது. பிஎச் 5 பக்கம் இறங்கினால்தான் அது உறையும். அதற்குள் பிரியாமல் கிடந்த மூலக்கூறுகளும் ஏறக்குறைய எல்லாமே பிரிந்து செலவாகிவிடும். மொத்த அமிலம் எவ்வளவு என்பதுதான் அங்கே பேச்சு. ஆனால் ஒன்று, பால் கெடாமலிருக்க அமோனியா கூடுதலாக விட்டிருந்தால் அதுவும் அசிட்டைத் தின்னும். அதனால் ஒரே நாள் பாலில் இரண்டையும் தனித்தனியே ஊற்றிப் பாருங்கள்.

அப்புறம் தராசை எடுங்கள். 85 விழுக்காடு அசிட் லிட்டருக்குச் சுமார் 1.2 கிலோ இருக்கும், தண்ணீர் 1 கிலோ. திறக்காத போத்தலை நிறுத்து, அதே மாதிரிக் காலிப் போத்தலின் எடையைக் கழியுங்கள். லிட்டருக்கு 1.1 கிலோ பக்கம் வந்தால் பாதி தண்ணீர்தான். மூடியைத் திறக்கும் வேலையே இல்லை, கையும் வேகாது.

தொழிலுக்கு வாங்கிய பொருள் என்பதால் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது. பொய் லேபிள் 2011 வணிக விவரிப்புச் சட்டத்தில் வரும். உள்நாட்டு வாணிப அமைச்சின் அமலாக்கப் பிரிவில் புகார் கொடுங்கள். ரசீதோடு, திறக்காத போத்தல் ஒன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். திறந்ததைக் கொண்டுபோனால், தண்ணீரை நீங்களே ஊற்றினீர்கள் என்பார் கடைக்காரர்.