கூட்டமான ஆற்றில் தூண்டில் போடும்போது பக்கத்து ஆளுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

நியூயார்க் மாநிலத்தில் சிராக்யூஸ் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்கள். அக்டோபரில் நண்பர்களோடு புலாஸ்கி போய் சால்மன் பிடிக்க ஆசை. ஆனால் அங்கே தோளோடு தோள் இடிக்க ஆட்கள் நிற்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், யாரிடம் கேட்டுவிட்டு இறங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். போவதற்கு முன்னாலேயே இதைக் கேட்கிறவர்கள் குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அடிக்கணக்கில் ஓர் எண் சொல்ல முடியாது. மீன்பிடிக்கும் நேரம், மீனின் அளவு, முள், ஈயம் என்று எல்லாவற்றுக்கும் நியூயார்க் மாநிலத்தில் சட்டம் உண்டு. இரண்டு பேருக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை மட்டும் ஆற்றில் நிற்கிறவர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்கிறார்கள். நான் புரிந்துகொண்டது இதுதான்: அங்கே ஒருவர் தன்னுடையது என்று நினைப்பது, கால் வைத்திருக்கும் இடத்தை அல்ல, அவருடைய தூண்டில் ஓடுகிற தண்ணீரை. இது பிடிபட்டுவிட்டால் மற்ற மரியாதைகள் எல்லாம் தானாக விளங்கும்.

அந்த ஆற்றில் ஏன் இவ்வளவு கூட்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புலாஸ்கி வழியாக ஓடி ஆன்டாரியோ ஏரியில் விழும் சால்மன் ரிவர் அப்படியொன்றும் பெரிய ஆறில்லை. இன்று அதில் ஏறும் சினூக்கும் கோஹோவும் பசிபிக் கடலோரத்து சால்மன் இனங்கள். 1960-களின் கடைசியில் மாநில அரசு கொண்டுவந்து விட்டது. ஆற்றின் மேற்பகுதியில் ஆல்ட்மார் என்ற ஊரில் பெரிய மீன்குஞ்சுப் பண்ணை இருக்கிறது. அங்கே விடப்படும் குஞ்சுகள் ஏரிக்குப் போய், வளர்ந்து, செப்டம்பர், அக்டோபரில் அதே ஆற்றுக்குத் திரும்புகின்றன. போதாக்குறைக்கு ஆற்றிலேயே முட்டையிட்டுப் பெருகுகிறவையும் உண்டு. 1989-இல் இங்கே பிடிபட்ட 33 பவுண்டு 4 அவுன்ஸ் கோஹோ உலக சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. இப்படிப்பட்ட மீன் சில வாரங்களுக்குள் மொத்தமாக ஏறும்போது நியூஜெர்சி, பென்சில்வேனியா என்று சுற்றியுள்ள மாநிலங்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். மீனோ ஆறு முழுக்கப் பரவி நிற்பதில்லை. ஏறி வந்த களைப்புக்கு ஆழமான மடுக்களிலும், வேகமும் மந்தமும் சந்திக்கும் ஓரங்களிலும்தான் தங்கும். ஆட்களும் அங்கேயே குவிகிறார்கள்.

இப்போது தண்ணீரைக் கவனியுங்கள். அனுபவமுள்ள ஒருவர் முழங்கால் ஆழத்தில் நிற்கிறார். ராடை (தூண்டில் கம்பை) லேசாகச் சுண்டி, தனக்குச் சற்று மேலே, அதாவது தண்ணீர் வரும் பக்கமாக, நீரோட்டத்துக்குக் குறுக்காக முள்ளை விழவிடுகிறார். ஈயம் அடியில் போய்க் கூழாங்கற்களை டிக், டிக் என்று தட்டுகிறது. அந்தத் தட்டல் ராடு வழியாகக் கைக்கு வரும். முள் நீரோடு கீழே போகப் போக ராடு நுனியும் கூடவே திரும்புகிறது. அவருக்கு நேர் எதிரே வந்து, கடந்து, கீழே போய் நூல் விறைத்து மேலெழும்பும்போது ஓட்டம் முடிந்தது. மறுபடி மேலே. மொத்தமே சில விநாடிகள்தான். இப்படிப் பத்துப் பேர் வரிசையாக நின்று, ஒரே நீளத்துக்கு, கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் போட்டால் நூல்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாகவே நகரும். ஒரு ராடு நீளம் இடைவெளி இருந்தால்கூடப் போதும், காலை முழுக்கச் சிக்கலே வராது.

அதே வரிசையில் ஒருவர் மட்டும் தக்கை கட்டி அதை நாற்பது அடி கீழே ஓடவிட்டார் என்றால், அவருக்குக் கீழே நிற்கிற நான்கு பேரின் தண்ணீரையும் அவரே எடுத்துக்கொள்கிறார். மற்றவர்கள் கிட்டத்தில் போடும்போது ஒருவர் மட்டும் எதிர்க்கரைக்கு வீசினாலும் இதே கதைதான். அப்போது முப்பது அடி இடைவெளி விட்டிருந்தாலும் பிரயோஜனமில்லை. அதனால் இறங்கும் முன் கரையில் ஐந்து நிமிடம் நின்று, அந்த வரிசை என்ன போடுகிறது, எவ்வளவு தூரத்துக்கு, எந்தத் தாளத்தில் போடுகிறது என்று பாருங்கள். உங்களால் அதே மாதிரி போட முடியும் என்றால் இறங்கலாம். வேறு விதமாகத்தான் போடப் பிரியம் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

இறங்குவதற்கு முன் கேளுங்கள். இரண்டு பக்கத்து ஆட்களிடமும் கேட்க வேண்டும். ஊரில் பஸ்ஸில் "அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று உரிமையோடு சொல்வோமே, அந்தத் தொனி இங்கே வேண்டாம். "நடுவில் நான் நின்றால் உங்களுக்குச் சிரமமா?" என்கிற தொனி. ஆங்கிலம் சரளமாக வராதவர்களும் நிறையப் பேர் வருகிறார்கள். அந்த இடைவெளியைக் கையால் காட்டி, தலையசைத்துக் கேட்டாலே போதும். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். முடியாது என்றால் காரணம் கேட்காமல் நகர்ந்துவிடுங்கள். அவர் நண்பருக்கு அப்போதுதான் மீன் மாட்டி, அதன் பின்னால் கீழே ஓடியிருக்கலாம். அந்த இடைவெளி அந்த நண்பருடையது.

அடுத்துச் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். "ஃபிஷ் ஆன்!" (மீன் மாட்டிவிட்டது) என்று ஒரு குரல் கேட்கும். கேட்டவுடன் கீழ்ப்பக்கம் நிற்கிறவர்கள் எல்லோரும் நூலைச் சுற்றி மேலே எடுத்துவிட வேண்டும். இருபது பவுண்டு சினூக் ஒன்று நீரோட்டத்தோடு சேர்ந்து இழுத்தால் நின்ற இடத்திலிருந்து அதை நிறுத்த முடியாது. ராடை உயர்த்திப் பிடித்தபடி அந்த ஆள் கரையோரமாகக் கீழே ஓடி வருவார். நீங்கள் உங்கள் ராடைத் தாழ்த்தி, குனிந்து, அவருடைய நூல் உங்கள் தலைக்கு மேலே போக வழிவிடுவீர்கள். அவர் அதற்கு அடுத்த ஆளைத் தாண்டுவார். பக்கத்தில் வலை வைத்திருக்கிற யாராவது ஒருவர், முன்பின் தெரியாதவர், "பிடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு மீனை அள்ளிக் கொடுப்பார். எல்லாம் முடிந்து அவர் மேலே திரும்பி வரும்போது, அவர் நின்ற இடம் அப்படியே காலியாக இருக்கும். பத்து நிமிடம் ஆனாலும் யாரும் அதில் இறங்க மாட்டார்கள். காலையிலிருந்து ஒரு மீன்கூடக் கிடைக்காதவரும் இறங்க மாட்டார். எந்தப் பலகையிலும் எழுதி வைக்காத இந்த நாணயம்தான் அந்த ஆற்றை நடத்துகிறது என்பேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மீன் மாட்டியவருக்கும் கடமை இருக்கிறது. வாலிலோ முதுகிலோ முள் குத்திய மீனை நியூயார்க்கில் வைத்துக்கொள்ளக் கூடாது; உடனே விட்டுவிட வேண்டும். அப்படிக் குத்திய மீன் வாயில் மாட்டியதைவிட மூர்க்கமாக ஓடும், நாலு பேர் நூலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வாயில் இல்லை என்று தெரிந்தவுடனே ராடை நேராக நீட்டி, நூலை இறுக்கி அறுத்துவிடுவதுதான் வரிசைக்குச் செய்கிற மரியாதை. எப்படியும் விடப்போகிற மீனோடு பதினைந்து நிமிடம் மல்லுக்கட்டி, இருபது பேரைச் சும்மா நிற்க வைப்பது அழகில்லை. ஒரு காலத்தில் இங்கே பெரிய முள்ளை வேண்டுமென்றே மீன் உடம்பில் குத்தி இழுப்பது சட்டப்படியே நடந்தது. 1990-களின் நடுவில் அதைத் தடை செய்தார்கள். அந்தப் பழக்கம் இன்னும் சிலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் ராடை வெடுக்கென்று இழுக்கிறவர்களைக் கண்டால் அவர்கள் பக்கத்தில் நிற்காதீர்கள். பறந்து வரும் ஈயம் கண்ணைப் பதம் பார்த்துவிடும். கண்ணாடி கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பிருந்துதான் இந்த ஆற்றில் மீன்பிடிக்கலாம். ஆனால் நல்ல மடுக்களில் அதற்கு வெகுநேரம் முன்பே, கும்மிருட்டிலேயே ஆட்கள் வந்து நின்றுவிடுவார்கள். அப்படி வந்து நிற்கிறவருக்கு அந்த இடம் சொந்தம். வண்டியில் தூங்குகிற நண்பருக்காக ஒரு பெட்டியை வைத்து இடம்பிடிப்பது செல்லாது. தலை விளக்கைத் தண்ணீர் மேல் அடிக்காதீர்கள். மீன் கலையும், எதிரே நிற்பவர் கண்ணும் கூசும். அப்புறம், இருட்டில் தடாலென்று இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்குவது. இதை நம் ஆட்கள் அதிகம் செய்து பார்த்திருக்கிறேன். விடியும் முன் கரையோரம் கணுக்கால் ஆழத்தில்கூட மீன் நிற்கும். முன்னால் போய் நிற்கிறவர் வரிசை முழுவதற்கும் உரிய மீனை எதிர்க்கரைக்குத் துரத்துகிறார்.

இதெல்லாம் நின்ற இடத்தில் நின்று பிடிக்கும் முறைக்கு. இன்னொரு முறையும் உண்டு, அதன் மரியாதை நேர் எதிரானது. ஆல்ட்மாரில் ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய செயற்கை இரை) மட்டும் போட்டு, பிடித்ததை எல்லாம் திருப்பி விட வேண்டிய இரண்டு பகுதிகள் இருக்கின்றன. அங்கேயும் குளிர்காலத்து ஸ்டீல்ஹெட் (ஏரிக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் ட்ரவுட் மீன்) பிடிக்கும் மடுக்களிலும், நீளமான ராடோடு ஒருவர் வீசி, நூலை நீரோட்டத்தில் வளையவிட்டு, இரண்டு அடி கீழே நகர்ந்து மறுபடி வீசுவதைப் பார்ப்பீர்கள். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றிலிருந்து வந்த முறை அது. அங்கே ஆற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் குத்தகைக்கு விடுவார்கள். அந்த முறையில் மடு யாருக்கும் நிரந்தரமில்லை. மேலே தொடங்கி, நகர்ந்து நகர்ந்து, கீழே போய் வெளியேறி, வேண்டுமானால் மறுபடி மேலே வந்து வரிசையில் நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர் கடைசி ஆளுக்கு மேலேதான் இறங்கலாம். அவருக்குக் கீழே போய் இறங்கினால், அவர் ஒரு மணி நேரமாகப் படிப்படியாக வந்து சேரப்போகும் தண்ணீரைக் குறுக்கே புகுந்து பறிப்பதாக ஆகும். ஆற்றில் நான் பார்த்த சண்டைகளில் பாதி, நிற்கிறவரும் நகர்கிறவரும் ஒரே மடுவில் சந்தித்ததால் வந்தவை. இருவருமே தம் முறைப்படி சரியாகத்தான் நடந்துகொண்டிருப்பார்கள்.

கூட்டம் என்றால் அலாஸ்காவின் ரஷ்யன் ரிவர், கீனை ஆற்றில் சேரும் இடத்தைத்தான் சொல்வார்கள். சாக்கை சால்மன் ஏறும் ஜூன், ஜூலையில் படகில் ஏறி மறுகரை போய், முழங்கை தட்டும் நெருக்கத்தில் நிற்பார்கள். அங்கே பக்கத்து ஆளோடு கரடியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மீனை அறுத்தபின் மிஞ்சும் எலும்புக்கூட்டைத் துண்டு துண்டாக வெட்டி வேகமான நீரோட்டத்தில் எறியச் சொல்கிறார்கள். முழுசாகக் கரையில் விட்டால் கரடி வரும், அடுத்து நிற்கிறவருக்கு ஆபத்து. நம் ஆற்றில் கரடித் தொல்லை இல்லைதான். ஆனாலும் குடலையும் அறுந்த நூலையும் கரையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நாம் நடக்கிற கரையில் பல இடங்கள் தனியார் நிலம். மீன்பிடிக்கும் உரிமையை மட்டும் மாநில அரசு வாங்கி வைத்திருக்கிறது. கனடாவில் போர்ட் ஹோப் நகராட்சி, சால்மன் ஏறும் பருவத்தில் ஊருக்கு நடுவே ஓடும் கனரஸ்கா ஆற்றின் கரையில் மீன்பிடிக்கவே தடை போட்டது. குப்பையும் ஒழுங்கீனமும் பற்றி ஊர்க்காரர்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பிறகு வந்த நடவடிக்கை அது.

நண்பர்களோடு போவதாகச் சொன்னீர்கள். ஐந்து பேர் என்றால் ஐந்து பேரும் ஒரே மடுவில் நிற்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். இடம் கிடைத்த இடத்தில் பிரிந்து நில்லுங்கள். ஆளுக்கு ஆள் ஐம்பது அடியிலிருந்து "டேய் மச்சான்" என்று கத்துவது, போனில் பாட்டு வைப்பது இரண்டும் வேண்டாம். வெளிறிய, சுத்தமான சரளைப் பள்ளத்தின் மேல் ஜோடியாக மீன் நின்றால், அது முட்டையிடுகிற இடம். அதை மிதிக்காமல் சுற்றிப் போங்கள், அந்த மீனுக்குத் தூண்டிலும் போடாதீர்கள்.

நீங்கள் ஒழுங்காக இருந்தும் யாராவது கேட்காமல் உங்கள் தண்ணீருக்குள் இறங்கினால்? முதலில் சாதாரணமாகச் சொல்லுங்கள்: "நான் அங்கிருந்து இங்கே வரை ஓடவிடுகிறேன், கொஞ்சம் கீழே நிற்க முடியுமா?" முக்கால்வாசிப் பேர் நகர்ந்துவிடுவார்கள், தெரியாமல்தான் வந்திருப்பார்கள். நகரவில்லை என்றால் நீங்கள் நகர்ந்துவிடுங்கள். வழுக்கும் பாறை, பாயும் தண்ணீர், இடுப்பு வரை வேடர்ஸ் (தண்ணீர் புகாத ரப்பர் கால்சட்டை). அங்கே நின்று சச்சரவு வேண்டாம்.

நாள் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், அக்டோபர் இரண்டாம் திங்களோடு சேர்ந்து வரும் கொலம்பஸ் தின விடுமுறை வார இறுதியை விட்டுவிடுங்கள். அதுதான் உச்சக்கட்டக் கூட்டம். வார நடுவில், மதியத்துக்கு மேல் போங்கள். விடியலில் வந்தவர்களில் பலர் அதற்குள் கிளம்பியிருப்பார்கள். காசு செலவழிக்கலாம் என்றால் ஆற்றின் முகத்துவாரத்துப் பக்கம் டக்ளஸ்டன் சால்மன் ரன் என்ற தனியார் பகுதி இருக்கிறது. தினம் இத்தனை பேர்தான் என்று கட்டுப்படுத்தி விடுகிறார்கள். முதல் தடவைக்கு அதுவே நல்லது. கிளம்புவதற்கு முன், ஆற்றின் மேல்பக்கம் உள்ள லைட்ஹவுஸ் ஹில் அணையிலிருந்து அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போங்கள். நீர்மட்டம் ஏறினால் வரிசை முழுக்கக் கரைக்குப் பின்வாங்கும், இடைவெளிகளும் அதோடு மாறிவிடும். மறுபடி இறங்கும்போது மறுபடி கேட்டுக்கொண்டே இறங்குங்கள்.