லக்சரிலிருந்து அஸ்வானுக்கு ரயிலா, கப்பலா?

எகிப்தில் லக்சரிலிருந்து அஸ்வானுக்கு ரயிலில் மூன்று, நான்கு மணி நேரத்தில் போய்விடலாமே, நைல் ஆற்றுக் கப்பலில் ஏன் நான்கு நாள் செலவழிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். லீவு கிடைத்தால் கப்பலிலேயே போங்கள். அதுவும் லக்சரில் ஏறி அஸ்வானில் இறங்குங்கள். இந்தத் திசையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது.

லக்சரில் கர்னாக் கோயிலில் அரசி ஹாட்செப்சுட் நிறுத்திய கல்தூண் நிற்கிறது. ஒரே கல், கிட்டத்தட்ட 30 மீட்டர் உயரம். இதை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று மலைப்பாக இருக்கும். அஸ்வானில் வெட்டி, நைல் வழியாகத்தான் கொண்டுவந்தார்கள். ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால் பாரம் ஏற்றிய படகு நீரோட்டத்தோடு இறங்கி வரும். திரும்பும்போது வடகாற்றில் பாய் விரித்தால் போதும். அந்தக் கல் வந்த வழியில்தான் நீங்கள் எதிரே ஏறிப் போகிறீர்கள்.

வழியில் எஸ்னா அணையில் கப்பல்கள் ஒவ்வொன்றாக லாக்குக்குள், அதாவது இருபுறமும் கதவுள்ள நீர்த்தொட்டிக்குள் நுழையும். தண்ணீர் ஏற ஏறக் கப்பலும் உயரும். அப்போது அறைக்குள் இருக்காதீர்கள், மேல்தளத்துக்கு வந்துவிடுங்கள்.

அடுத்து வரும் எட்ஃபு ஊரின் ஹோரஸ் கடவுள் கோயிலை கி.மு. 237இல் தொடங்கி கி.மு. 57இல்தான் முடித்தார்கள். 36 மீட்டர் உயர வாயில், திறந்த முற்றம், தூண் மண்டபம், உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்து கடைசியில் கருவறை. நம் ஊர்க் கோயில்களில் நடந்து பழகியவர்களுக்கு அங்கே வழி சொல்லவே வேண்டாம். எல்லாக் கப்பல்களும் ஒரே நேரத்தில் வந்து நிற்பதால் நெரிசல் அதிகம், விடிந்ததும் கிளம்புங்கள். துறையில் குதிரை வண்டிக்கு அழைப்பார்கள். இளைத்துப்போன குதிரைகளைப் பார்த்தால் மனசு கேட்காது, ஆட்டோவில் போங்கள்.

அடுத்து ஜெபல் எல்-சில்சிலா. ஆறு குறுகும் இடம், இரு கரையிலும் பழைய கல்குவாரிகள். கர்னாக்கின் மணற்கல் பெரும்பாலும் இங்கே வெட்டியதுதான். பெரிய கப்பல்கள் இங்கே நிற்காமல் போய்விடும். தஹபியா என்கிற பாய்மரப் படகுகளை நிறுத்துவார்கள். செலவு கூடுதல்தான், ஆனாலும் முடிந்தால் அதையே எடுங்கள்.

கோம் ஓம்போவில் முதலைத் தலைக் கடவுள் சோபெக்குக்கும் பருந்துத் தலை ஹோரஸுக்கும் ஒரே கோயிலில் தனித்தனிச் சந்நிதி. அங்குள்ள கிணற்றில் இறங்கும் படிகளைக் கவனியுங்கள். நைலில் வெள்ளம் எவ்வளவு ஏறியது என்று அதில்தான் அளந்தார்கள். அந்த ஆண்டின் விளைச்சலும் வரியும் அதைப் பொறுத்தவை.

அஸ்வானில் முதலில் முடிக்கப்படாத தூணைப் பாருங்கள். சுமார் 42 மீட்டர் நீளம், வெட்டி எடுத்திருந்தால் ஆயிரம் டன்னைத் தாண்டியிருக்கும். செதுக்கும்போது விரிசல் விட்டதால் பாறையோடு பாறையாகவே விட்டுவிட்டார்கள். கர்னாக்கைப் பார்த்த கண்ணோடு வந்தால்தான் அந்த விரிசல் எத்தனை பேரின் உழைப்பை வீணாக்கியது என்பது உறைக்கும்.

ஃபிலே கோயிலுக்கு அரை நாள் தனியாக வையுங்கள். அணைநீரில் மூழ்கியதைக் கல் கல்லாகப் பிரித்து, பக்கத்து அகில்கியா தீவில் மறுபடி கட்டி 1980இல் திறந்தார்கள். பாறையைக் குடைந்து செய்த அபு சிம்பெல் கோயில்களுக்குப் போக விரும்பினால் இன்னொரு நாள் வேண்டும், சாலையில் சுமார் 280 கி.மீ. அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள் போய் வாருங்கள். கோடையில் அஸ்வான் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், பெரியவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் அந்த மாதங்களை யோசிக்கவே வேண்டாம்.