இன்சூரன்ஸ்காரரிடம் பேசும் வாய், அந்தப் பெண்ணிடம் ஏன் உலர்கிறது?

கேள்வி: எனக்கு வயது 26. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். சென்னை பெருங்குடியில் மெடிக்கல் பில்லிங் கம்பெனி ஒன்றில் ஏ.ஆர். காலராக, அதாவது வராத பில் பணத்துக்காக அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு போன் செய்து பேசுகிறவராக வேலை. மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை ஷிஃப்ட். எதிர் வரிசையில் உட்காரும் பெண்ணை ஏழெட்டு மாதமாக மனதுக்குள் விரும்புகிறேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பக்கத்தில் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. ரூமுக்கு வந்து படுத்தாலும் படபடப்பு நிற்பதில்லை. ஆபீஸ் கேப் பட்டியலிலிருந்து எடுத்த அவர் நம்பரை வைத்து அவர் ஆன்லைனில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே விடிந்துவிடுகிறது. ஆறரைக்குத் தூங்கி பதினொன்றுக்கு எழுந்துவிடுகிறேன். ராத்திரியில் இரண்டு காபி, ஒரு டீ, இரண்டு எனர்ஜி டிரிங்க் குடிப்பேன். இ.சி.ஜி. எடுத்ததில் நார்மல் என்றார்கள். நோய், சிகிச்சை விவரங்களைப் பில்லுக்கான குறியீடுகளாக மாற்றும் கோடிங் டீமுக்கு, பகல் ஷிஃப்டுக்கு மாறச் சொன்னபோது, அவரைப் பார்க்க முடியாதே என்று மறுத்துவிட்டேன். ரூம்மேட் புரொப்ரனலால் மாத்திரை கொடுத்து, ‘இதைப் போட்டுக்கிட்டுப் போய்ப் பேசிடு மாப்ள’ என்கிறான். போடலாமா? என் இதயத்தில் ஏதாவது கோளாறா? சின்ன வயதில் வீசிங் இருந்தது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், தம்பி. போடாதீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில் வீசிங் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் சொல்கிறேன்.

புரொப்ரனலால், பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் போய் ஒட்ட வேண்டிய இடங்களை அடைத்துவிடும் மருந்து. மேடையேறும் முன் கை நடுங்குகிறவர்களுக்கு மருத்துவர்கள் இதைச் சில சமயம் எழுதித் தருவது உண்மைதான். ஆனால் அது இதயத்தோடு நிற்பதில்லை. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைகளையும் பிடிக்கும். அங்கே அட்ரினலின் செய்யும் வேலை குழாயை விரித்து வைப்பது. அதைத் தடுத்தால், ஆஸ்துமா உள்ளவருக்குக் குழாய் இறுகி மூச்சு திணறலாம். அந்த நேரத்தில் வழக்கமாக அடிக்கும் இன்ஹேலரும் முழுதாகக் கைகொடுக்காது, ஏனென்றால் அதுவும் அதே இடத்தில் போய் ஒட்டித்தான் வேலை செய்ய வேண்டும். வீசிங் வந்து பல வருடமாகிவிட்டது என்பது இங்கே உத்தரவாதம் ஆகாது. போதாக்குறைக்கு, தூக்கத்துக்குத் துணைபுரியும் மெலடோனின் சுரப்பையும் இந்த மருந்து குறைக்கும். ஏற்கெனவே நாலரை மணி நேரம்தான் தூங்குகிறீர்கள். நண்பர் நல்ல எண்ணத்தில் கொடுத்தது. மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி இதயம். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இ.சி.ஜி. என்பது எடுத்த அந்தச் சில விநாடிகளின் கணக்குதான். படபடப்பு இல்லாத நேரத்தில் எடுத்தது நார்மலாக இருப்பதில் வியப்பில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது சுவிட்சைப் போட்டதுபோலச் சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கும் படபடப்பு, அதோடு மயக்கம், நெஞ்சுவலி, மாடி ஏறினால் மூச்சுவாங்குதல், குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருப்பது — இவற்றில் ஒன்று இருந்தாலும் இதய மருத்துவரைப் பாருங்கள். 24 மணி நேரமும் உடலில் மாட்டியிருந்து இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார். எதுவும் இல்லையென்றால், தைராய்டுக்கு டி.எஸ்.எச்., ரத்தசோகைக்கு ஹீமோகுளோபின், இந்த இரண்டு ரத்தப் பரிசோதனையும் போதும். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உள்ளங்கை வியர்க்கும், தூக்கம் கெடும். காதல் என்று நினைத்துக்கொண்டிருந்து கடைசியில் தைராய்டு என்று தெரியவந்தவர்கள் உண்டு. தூங்கி எழுந்ததும், படுக்கையில் இருந்தபடியே, ஒரு நிமிட நாடித்துடிப்பை ஒரு வாரம் எண்ணி எழுதி வையுங்கள். தொடர்ந்து நூறைத் தாண்டினால் அந்தத் தாளையும் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பெண் அல்ல, அந்த இரண்டு எனர்ஜி டிரிங்க்தான். 250 மில்லி டின் ஒன்றில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் காஃபின் இருக்கும். மெஷின் காபி, டீ எல்லாம் சேர்த்தாலும், ஆரோக்கியமான பெரியவர் ஒரு நாளில் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்படும் 400 மில்லிகிராமை நீங்கள் தாண்டாமல்கூட இருக்கலாம். குடிக்கும் நேரம்தான் பிரச்சினை. காஃபினில் பாதி உடலை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். அதிகாலை இரண்டுக்கு ஒரு டின் உடைத்தால், ஏழு மணிக்கும் அதில் பாதி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ரூமுக்கு வந்து படுத்த பிறகும் நிற்காத படபடப்பில் அந்தப் பெண்ணின் பங்கைவிட அந்த டின்னின் பங்கு பெரிது என்பது என் ஊகம்.

இதை ஒட்டி ஒரு பழைய ஆய்வு உண்டு. கனடாவில் வான்கூவர் அருகே கப்பிலானோ தொங்கு பாலம் இருக்கிறது. ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் பாலம். டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளர்கள், அதைக் கடந்து வந்த ஆண்களிடம் ஒரு பெண்ணை அனுப்பிச் சில கேள்விகள் கேட்க வைத்து, மேலும் விவரம் வேண்டுமானால் கூப்பிடுங்கள் என்று தொலைபேசி எண்ணையும் கொடுக்க வைத்தார்கள். பக்கத்திலேயே ஆடாத, தாழ்வான இன்னொரு பாலத்திலும் இதையே செய்தார்கள். ஆடும் பாலத்தில் வந்தவர்களில்தான் அதிகம் பேர் பிறகு அந்தப் பெண்ணுக்கு போன் செய்தார்கள். 1974-ல் இதை வெளியிட்டபோது அவர்கள் சொன்ன விளக்கம்: பாலத்தால் வந்த படபடப்பை, எதிரே நின்ற பெண்ணால் வந்ததாக மனம் எடுத்துக்கொண்டது. இந்த விளக்கத்தை மறுத்தும் ஆமோதித்தும் பிறகு நிறைய எழுதப்பட்டுவிட்டது. ஆனாலும் இரவு ஷிஃப்டில் வேலை செய்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். தூக்கம் பற்றாத உடம்பு, உள்ளே காஃபின், ஹோல்டில் போட்டுவிட்ட இன்சூரன்ஸ்காரர், முடிக்க வேண்டிய டார்கெட். நெஞ்சு ஏற்கெனவே வேகமாக அடித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலோடு கடந்து போகிறார். பழி முழுவதும் அவர் மேல் விழுகிறது.

உங்கள் விருப்பம் பொய் என்று சொல்லவில்லை. அதன் அளவை இரவு இரண்டு மணியின் நெஞ்சுத் துடிப்பை வைத்து அளக்க வேண்டாம் என்கிறேன். அந்த நேரத்தில் ஊரே தூங்குகிறது. உங்கள் அம்மா, பள்ளித் தோழர்கள் எல்லோரும் தூங்குகிறார்கள். விழித்திருக்கும் உலகம் என்பது அந்த ஃப்ளோரில் இருக்கும் கொஞ்சம் பேர்தான். அதில் ஒரு முகம் மிகப் பெரிதாகத் தெரிவது இயல்பு. தூக்கம் குறைந்தால் உணர்ச்சிகளின் கடிவாளமும் தளர்ந்துவிடும்.

ஆகவே முதல் மருந்து தூக்கம். நாலரைக்கு ரூமுக்கு வந்துவிடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், ஐந்து மணிக்குள் படுத்துவிட வேண்டும். உடல் வெப்பம் அதிகாலை நான்கு, ஐந்து மணி வாக்கில்தான் மிகக் குறைவாக இருக்கும். அதன்பின் அது ஏற ஏற, தூக்கம் பிடிப்பதும் நீடிப்பதும் கடினமாகும். வெளிச்சமும் வந்துவிடும். தூங்க ஏற்ற அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நீங்கள் வாட்ஸ்அப்புக்குக் கொடுக்கிறீர்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, காதுக்கு இயர் பிளக், போனை அலமாரிக்குள் வையுங்கள். இரவின் கடைசி காபி பத்தரை மணிக்கு. எனர்ஜி டிரிங்க்கை ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரும், எனவே ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். விடுமுறை நாளிலும் காலை ஐந்திலிருந்து ஒன்பது வரையாவது தூங்குவது நல்லது. சனி, ஞாயிறு மட்டும் ஊரோடு ஒத்துத் தூங்கிவிட்டு திங்களன்று திரும்பினால், வாரம்தோறும் வெளிநாடு போய் வந்தது போலத்தான் உடம்பு தடுமாறும்.

இப்போது கூச்சம். ராத்திரி முழுக்க அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்களிடம், கிளெய்மை ஏன் நிராகரித்தீர்கள் என்று அவர்கள் மொழியில் வாதாடுகிறவர் நீங்கள். பேச வராதவருக்கு அந்த வேலை ஒரு வாரம் நிலைக்காது. போனில் உங்கள் முகம் தெரியாது, ஸ்கிரிப்ட் இருக்கிறது, தடுமாறினால் மியூட் பட்டன் இருக்கிறது. நேரில் இவை எதுவும் இல்லை. உங்களைத் தடுப்பது பேச்சுக் குறை அல்ல, அடுத்தவர் கண்ணில் நாம் எப்படித் தெரிகிறோம் என்ற பயம்.

இந்தப் பயம் அந்தப் பெண்ணிடம் மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். டீம் மீட்டிங்கில் வாய் திறக்க, நாலு பேர் முன்னால் சாப்பிட, கடையில் சில்லறை தவறாகக் கொடுத்தால் கேட்க — இங்கெல்லாமும் நெஞ்சு அடித்து, அதற்காகவே அந்த இடங்களைத் தவிர்த்து வருகிறீர்கள் என்றால், அது சாதாரணக் கூச்சம் இல்லை. சமூகப் பதற்றம் என்ற, மருத்துவம் பார்த்தால் நன்கு குறையும் நிலை. பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கும். வீட்டில் ‘பையன் ரொம்ப அமைதி’ என்று பெருமையாகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் சி.பி.டி. சிகிச்சை இதற்கு முதல் தேர்வு. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். நேரில் போகத் தயங்கினால், மத்திய அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். போனில் பேசுவதுதான் உங்களுக்கு வருமே.

அவரிடம் மட்டும்தான் என்றால், நீங்களே தொடங்கலாம். ஹெட்செட்டைக் கழற்றாமல் இருப்பது, அவர் வரும்போது போனைப் பார்ப்பதுபோல் நடிப்பது, இவையெல்லாம் பயத்தைக் காப்பாற்றும் பழக்கங்கள். முதலில் இவற்றை விடுங்கள். கேப் டிரைவரிடமும் செக்யூரிட்டி அண்ணனிடமும் தினம் இரண்டு வார்த்தை பேசிப் பழகுங்கள். பிறகு ஒரு நாள் அந்தப் பெண்ணிடம், ‘உங்களுக்கும் இன்னைக்கு ஹோல்டு ரொம்ப நேரம் போகுதா?’ என்று கேட்டுப் பாருங்கள். அவ்வளவுதான். எட்டு மாத ரகசியத்தை முதல் வாக்கியத்திலேயே இறக்கிவைக்காதீர்கள். உங்களுக்கு அவர் எட்டு மாதப் பழக்கம். அவருக்கு நீங்கள் எதிர் வரிசையில் இருக்கும் யாரோ ஒருவர். அவருக்கு எது பிடிக்கும், வேறு யாரையாவது விரும்புகிறாரா, கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. இப்போது நீங்கள் விரும்புவது பாதி அவரை, பாதி நீங்களே எழுதிக்கொண்ட ஒருவரை.

அந்த நம்பரை இன்றே அழித்துவிடுங்கள். அது பாதுகாப்பாக வீடு போய்ச் சேர அவர் கம்பெனிக்குக் கொடுத்தது, உங்களுக்குக் கொடுத்தது அல்ல. அதில் உங்களிடமிருந்து ஒரு ‘ஹாய்’ வந்தாலே அவர் பயந்துவிடலாம். அந்தப் பயம் நியாயமானது. பழகிய பிறகு, ஒரு நாள் மனதில் உள்ளதைச் சொல்ல நினைத்தால் கேபில் சொல்லாதீர்கள். ஓடும் வண்டியில், இரவில், அவரால் எழுந்து போக முடியாது. ஆள் நடமாட்டமுள்ள கேன்டீனில், எந்த நிமிடமும் அவர் எழுந்து போகக்கூடிய இடத்தில், ஒரே ஒரு முறை சொல்லுங்கள். வேண்டாம் என்றாலோ, பதிலே சொல்லாமல் நழுவினாலோ, அதோடு நிறுத்திவிட வேண்டும். மறுபடி மறுபடி கேட்பதும், நண்பர்களைத் தூது விடுவதும் 2013-ம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகாராகலாம். உங்களைப் போன்ற கூச்சமுள்ளவர் அப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நீண்ட நாள் உள்ளேயே வைத்திருந்தவர்கள் மறுப்பைக் கேட்டதும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

கோடிங் டீம் விஷயத்தில் மட்டும் உங்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. பேசாத ஒருவரைத் தள்ளியிருந்து பார்ப்பதற்காகப் பகல் வேலையை விட்டிருக்கிறீர்கள். நாலரை மணி நேரத் தூக்கத்தோடும் படபடப்போடும் இருக்கும் உங்களுக்கு, நான் எழுதித் தரக்கூடிய எந்த மாத்திரையைவிடவும் அந்த ஷிஃப்ட் மாற்றம் பலன் தரும். அது மட்டுமல்ல, ஒரே ஃப்ளோரில் இல்லாதபோது, மறுத்தால் தினமும் முகம் பார்க்க வேண்டுமே என்ற சங்கடம் அவருக்கும் இருக்காது. இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று இந்த வாரமே டீம் லீடரிடம் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், நாடிக் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்.