பாறையிலும் மூழ்கிய கப்பலிலும் எந்த நங்கூரம்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மணலில் போடுகிற தகட்டு நங்கூரம் கையில் இருக்கிறது. பாறை மேல் மீன்பிடிக்க நிற்கவும் அதுவே போதுமா அண்ணே?

பதில்: வேண்டாம். அந்த அகலத் தகடு மண்ணில் புதைந்து பிடிக்கச் செய்தது. பாறையில் ஒன்று வழுக்கிக்கொண்டே போகும், இல்லையென்றால் இடுக்கில் சொருகிக்கொண்டு திரும்பி வராது. வளைகிற கம்பியில் செய்த நாலைந்து கொக்கி உள்ள நங்கூரம்தான் இதற்குச் சரி. மாட்டிக்கொண்டால் எஞ்சின் இழுப்பில் கொக்கி நிமிர்ந்து வெளியே வந்துவிடும், அப்புறம் திரும்ப வளைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கம்பி எவ்வளவு தடிமன்?

பதில்: ஐந்தாறு மீட்டர் படகுக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர், அதுவும் சாதாரண மிருதுவான இரும்புக் கம்பி. கட்டடத்துக்குப் போடுகிற முறுக்குக் கம்பி விறைப்பானது, சுலபத்தில் நிமிராது. ஒரே இடத்தில் பலமுறை வளைத்த கம்பி விரிசல் விடும், அதைப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சங்கிலி அவசியமா? கயிறு மட்டும் போதாதா?

பதில்: அவசியம். பாறை முனையும் துருப்பிடித்த தகடும் கயிற்றை அறுத்துவிடும், நீங்கள் மீனைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே படகு நழுவ ஆரம்பித்திருக்கும். குறைந்தது மூன்று நான்கு மீட்டர் சங்கிலி போடுங்கள். அதற்கு மேல் நைலான் கயிறு, ஆழத்தைப்போல் மூன்று மடங்காவது, அதாவது 20 மீட்டர் ஆழத்துக்கு 60 மீட்டர். காற்று ஏறினால் ஐந்து மடங்கு விட வேண்டியிருக்கும், அதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.

கேள்வி: சங்கிலியை நங்கூரத்தின் அடியில் கட்டுவார்களாமே, அது என்ன?

பதில்: நல்ல முறை. சங்கிலியை நங்கூரத்தின் அடிப்பக்கத்தில் பூட்டி, தண்டோடு மேலே கொண்டுவந்து, தண்டின் வளையத்தில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையால் (வயர்களைச் சேர்த்துக் கட்டும் பட்டை) கட்டிவிடுவது. சாதாரணமாக நிற்கும்போது இழுப்பு தண்டு வழியாகத்தான் போகும். மாட்டிக்கொண்டால் படகை நங்கூரத்துக்கு மேலே கொண்டுபோய் இழுத்தால் டை அறுந்து, நங்கூரம் அடிப்பக்கமாகப் புரண்டு வெளியே வரும். ஆனால் இரவில் தூங்கும்போது இதை நம்பாதீர்கள், அலை ஏறினால் டை தானாகவும் அறுந்துபோகும்.

கேள்வி: மூழ்கிய கப்பல் மேல் நேராகப் போடலாமா?

பதில்: நான் போடமாட்டேன். கப்பலில் கம்பி, பழைய வலை எல்லாம் இருக்கும், அதில் சிக்கினால் கொக்கி நிமிர்ந்தாலும் வராது. நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தள்ளி மணலில் நங்கூரத்தைப் பிடிக்க வைத்து, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் படகைக் கப்பலின் ஓரம்வரை இறக்குங்கள். நீரோட்டம் மாறினால் படகும் திரும்பும், அப்போது எடுத்து வேறு இடத்தில் போட வேண்டியதுதான். அது பாதுகாக்கப்பட்ட கப்பல் சிதைவா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பவளம் இருக்கும் பாறையிலும் போடாதீர்கள், உடைந்த பவளம் வளர வருடக்கணக்காகும்.

கேள்வி: நன்றாகவே மாட்டிக்கொண்டது, வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

பதில்: கயிற்றைப் படகின் பின்பக்கம் கட்டவே கட்டாதீர்கள். பின்பக்கம் தாழ்ந்தது, எஞ்சின் பாரமும் அங்கேதான், ஒரு அலை உள்ளே வந்தால் படகு நிரம்பிவிடும். முன்னால் அணியத்திலேயே கட்டி, மெதுவாக வேறு வேறு திசையில் இழுத்துப் பாருங்கள். இழுபட்ட நைலான் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும், அதனால் கயிற்றின் நேரில் யாரும் நிற்கக் கூடாது. அலை பெரிதாக இருந்து அணியம் அமுங்க ஆரம்பித்தால் யோசிக்காமல் வெட்டிவிடுங்கள். கத்தி அணியத்திலேயே கையெட்டும் இடத்தில் இருக்கட்டும்.